நைலான் மழையில் ஓர் ஆண் குரல்

ஸ்டெல்லாவின் குரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் யாரோ ஒரு தடியனைப் பாட வைத்துவிட்டார்கள் என்று ஏறக்குறைய ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சும்மா நம்பவில்லை. சோறு இறங்காமல் நம்பினேன். காலையில் கடைக்குப் போகிற நேரத்தில் ஸ்கூட்டரை எதிர்ப்பக்கம் திருப்பி, செவிலிமேட்டுப் பாலத்தின் மேல் நிறுத்தி, தண்ணீர் இல்லாத பாலாற்றைப் பார்த்துக்கொண்டே நம்பினேன். தண்ணீர் இல்லாததால் குதிக்கிற யோசனைகூட வரவில்லை. மணலில் விழுந்து முட்டி பெயர்ந்தால் அதற்கு வேறு மாவுக்கட்டு.

அந்தத் தடியனுக்கு மனசுக்குள் ஒரு முகமே செய்து வைத்திருந்தேன். கட்டை மீசை, கழுத்தில் தடித்த செயின், பாடும்போது ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம். தெருவில் அந்த ஜாடையில் யாராவது போனால் முறைத்தேன். ஒரு பால்காரர் என்னைத் திருப்பி முறைத்தார்.

பட்டு ஊரில் நைலான்

எங்கள் ‘கரண்ட் கம்பி’ இசைக்குழுவை இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் வாங்கிப் படிக்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான் ஏகாம்பரம், கீபோர்டு. அப்பாண்டைராஜன், தாளப்பெட்டி. அவன் திருப்புட்குழி தாண்டி உள்ளே ஒரு கிராமத்துச் சமணக் குடும்பம். நெல், வேர்க்கடலை, கொஞ்சம் மண்டி வியாபாரம். ஸ்டெல்லா, குரல். அவளுடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவள் எந்த வயலிலும் இறங்குவதில்லை என்று தீர்மானித்து, மேடையில் ஏறினாள்.

கிடார் கிடையாது, தபேலா கிடையாது. எல்லாமே கரண்டில் ஓடியது. ஒரு கல்யாண வரவேற்பில் நாங்கள் நாலு பாட்டு முடித்த பிறகு பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வந்து, “தம்பி, வாத்தியக்காரங்க எப்பப்பா வருவாங்க?” என்று கேட்டார்.

எங்கள் முதல் கேசட்டின் முதல் பாட்டு ‘நைலான் மழை’. அதைக் கேட்டுவிட்டு என் அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசியது இதுதான்: “பட்டு நெய்யற ஊர்ல உக்காந்துக்கினு நைலானைப் பத்திப் பாடற. அடுத்து இன்னா, பிளாஸ்டிக்கா?”

நல்ல யோசனையாக இருந்தது. எங்கள் இரண்டாவது பாட்டு ‘பிளாஸ்டிக் சூரியன்’.

மொத்தத்தில் எங்களுக்கு இரண்டரை ஹிட்டு. அரை ஏனென்றால், மூன்றாவது பாட்டு வாலாஜாபாத்தில் மட்டும் ஓடியது. ஏன் என்று இன்றுவரை வாலாஜாபாத்துக்கும் தெரியாது.

அப்புறம் குழு கலைந்தது. நான் பட்டுப் புடவைக் கடை வேலைக்குப் போனேன். அப்பாண்டை மண்டிக்குப் போனான். அவன் பிரிந்ததற்குக் காரணம் சண்டை இல்லை, சாப்பாடு. அவர்கள் வீட்டில் சமண வழக்கப்படி பொழுது சாய்ந்த பிறகு பச்சைத்தண்ணீரைத் தவிர எதுவும் இறங்காது. கச்சேரி முடிந்து நாங்கள் தட்டு தட்டாகத் தின்பதை எத்தனை வருஷம்தான் ஒரு மனுஷன் பார்த்துக்கொண்டிருப்பான்?

நிவேதா என்கிற புயல்

சென்ற வருஷம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் நிவேதா. சின்னதாக ஓர் இசைத்தட்டுக் கம்பெனி நடத்துகிறாளாம். பழைய கேசட் ஒன்றில் எங்களைக் கண்டெடுத்தாளாம்.

“சார், நீங்க பண்ணது சிந்த்-பாப் சார்!”

“அப்படியாம்மா? நாங்க அத கீபோர்டுன்னு நெனச்சிக்கினு இருந்தோம்.”

அவள் சிரிக்கவில்லை. எங்கள் பாட்டுகளை மறுபடி வெளியிடப் போவதாகச் சொன்னாள். இரண்டு இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பு. ஒன்றில் ஹிட்டுகள், ஒன்றில் டான்ஸ் ரீமிக்ஸ். இன்றைய பிள்ளைகள் இசைத்தட்டுதான் வாங்குகிறார்களாம். கேசட்டைத் தாண்டிப் போய்விட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தால், உலகம் பின்பக்கமாகப் போய் எங்களுக்கு முந்தைய இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

ஒரே ஒரு விஷயம் வேண்டும் என்றாள். மூன்று பேருடைய சம்மதம்.

அப்பாண்டை “பகல்ல வெச்சிக்கினா சரி” என்று எதைக் கேட்கிறோம் என்றுகூடத் தெரியாமல் சம்மதித்தான். ஸ்டெல்லாதான் பாக்கி.

பிரேக்க புடி!

ஸ்டெல்லா இப்போது பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத் தருகிறாள். செவிலிமேட்டில் வீடு கட்டாத மனைகள் நடுவே ஒரு மைதானம். காலை ஆறு மணிக்கெல்லாம் அங்கே அவளுடைய சத்தம் கேட்கும். நான் போனபோது ஓர் அம்மாள் வண்டியை முள்செடியை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்.

“பிரேக்குமா! பிரேக்க புடி! முள்ளப் பாக்காத, ரோட்டப் பாரு! பாக்கற எடத்துக்குத்தான் வண்டி போவும்!”

இருபது வருஷம் இப்படிக் கத்தியதில் அவள் குரல் முழுக்க மாறிவிட்டது. கீழே இறங்கி, கரகரத்து, பெரிய பாத்திரத்துக்குள் இருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. மாதா கோயிலில்கூட அவள் பாடுவதில்லை. வாயை மட்டும் அசைப்பாள். ஒருமுறை பின்வரிசையில் உட்கார்ந்து நானே பார்த்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ரீமிக்ஸ்னா இன்னா பண்ணுவாங்க?”

“மேளத்த மாத்துவாங்க. வேகத்தக் கூட்டுவாங்க. டான்ஸ் ஆடறாப்பல பண்ணுவாங்க.”

“என் கொரல?”

“தொடமாட்டாங்க.”

“அவங்க சொல்றாங்களா, நீ சொல்றியா?”

“நான் சொல்றேன்.”

“ஏகா, நல்லாக் கேட்டுக்க. அந்தக் கொரலு இப்ப என்கிட்ட இல்ல. அந்த கேசட்லதான் இருக்குது. அதுலயும் கை வெச்சிட்டாங்கன்னா, நான் ஒரு காலத்துல பாடினேன்றதுக்கு இன்னா அத்தாட்சி? எங்க வீட்டுக்காரரே நம்பமாட்டாரு.”

“நான் பொறுப்பு.”

“ஏதாச்சும் ஆச்சுன்னா அவங்கள கேக்கமாட்டேன். உன்னத்தான் கேப்பேன்.”

இதைச் சொல்லும்போது அவள் கையில் ஹெல்மெட் இருந்தது என்பதை மறுபடி நினைவுபடுத்துகிறேன்.

பென்சில் நம்பர்

மாதிரித் தட்டுகள் வந்தது கடை விலாசத்துக்கு. மூன்று பேரும் கேட்டுவிட்டுச் சரி என்று சொன்னால்தான் மற்ற தட்டுகளை அச்சடிப்பார்களாம். புடவை விரிக்கிற வெள்ளை மெத்தை மேல் வைத்துப் பிரித்தேன். இரண்டு கறுப்புத் தட்டுகள். நடுவில் வெறும் வெள்ளைக் காகிதம். பெயர் இல்லை, படம் இல்லை. ஒன்றில் பென்சிலால் 33 என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 45.

எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. காரணம் என் வேலை.

நெய்து வருகிற புடவைகளை விரித்துப் பார்த்து வாங்குவதுதான் என் பிழைப்பு. ஒவ்வொரு புடவையோடும் ஒரு துண்டுக் காகிதம் வரும். அதில் தறி நம்பர் இருக்கும். எந்தத் தறியில் நெய்தது என்று தெரிந்தால்தானே, பார்டர் கோணினால் யாரிடம் போய்ச் சத்தம் போடுவது என்று தெரியும்? அதையும் பென்சிலால்தான் எழுதுவோம். பேனா மை பட்டில் இறங்கிவிட்டால் போகாது.

எனவே புரிந்துகொண்டேன். ஒரு தட்டு முப்பத்துமூன்றாம் நம்பர் மெஷினில் செய்தது. இன்னொன்று நாற்பத்தைந்தாம் நம்பர் மெஷினில் செய்தது. எவ்வளவு ஒழுங்கான கம்பெனி என்று நிவேதாவைப் பற்றிப் பெருமையாகக்கூட நினைத்தேன்.

எங்கள் மூவரில் ரெக்கார்டு பிளேயர் இருந்தது அப்பாண்டை வீட்டில் மட்டும். அவன் அப்பாவுடையது. கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட துணி மூடி இருக்கும். அப்பா காலமான பிறகும் அதன் குமிழ்களில் யாரும் கை வைத்ததில்லை. “முள்ள மட்டும் தூக்கி வை. மத்ததெல்லாம் நைனா வெச்சபடி இருக்கட்டும்” என்றான் அப்பாண்டை.

முதல் தட்டைப் போட்டோம். ‘நைலான் மழை’, எங்கள் பழைய பாட்டு. அப்படியே இருந்தது. ஸ்டெல்லா இருபத்திரண்டு வயதில் பாடினாள். என் கீபோர்டு கொஞ்சம் அவசரப்பட்டது. அதுவும் அப்படியே இருந்தது. அப்பாண்டை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாம் தட்டைப் போட்டோம்.

சிரிப்பையும் திருடினான்

முதலில் தாளம் வந்தது. டான்ஸ் ரீமிக்ஸ் என்றார்களே, எங்கள் ஊர் வரதராஜர் பல்லக்குத் தூக்குகிறவர்கள் இதைவிட நாலு மடங்கு வேகமாக ஓடுவார்கள். தும்... தும்... என்று யாரோ வீட்டைக் காலி பண்ணி பீரோவை நகர்த்துவதுபோல் ஒரு தாளம்.

பிறகு பாட்டு. ஆண் குரல்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது நான்தானோ என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோரஸில் நானும் இரண்டு வரி பாடியிருக்கிறேன். என் திறமையைக் காலம் கடந்து கண்டுபிடித்துவிட்டார்கள் போல என்று நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நொடியே ஸ்டெல்லாவின் ஹெல்மெட் ஞாபகம் வந்தது.

“யார்ரா இவன்?” என்றான் அப்பாண்டை.

யாராக இருந்தாலும் அவன் சாதாரண ஆள் இல்லை. ஸ்டெல்லா மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கினான். அவள் இழுக்கிற இடத்தில் இழுத்தான். பாட்டின் நடுவே ஓரிடத்தில் ஸ்டெல்லா சின்னதாகச் சிரிப்பாள். பதிவு செய்த அன்று அப்பாண்டை ஒயரில் தடுக்கி விழுந்ததால் வந்த சிரிப்பு அது; மறுபடி பதிவு செய்ய வசதி இல்லாமல் அப்படியே விட்டோம். அந்த இடம் வந்ததும் அந்தத் தடியனும் சிரித்தான். ஹூ, ஹூ என்று, கிணற்றடியிலிருந்து வருவதுபோல.

“சிரிப்பக்கூடத் திருடிட்டான்யா!” என்று கத்தினேன்.

அப்பாண்டை யோசித்தான். அவன் யோசித்தால் எப்போதும் இன்னும் மோசமாகத்தான் ஆகும். “ஏ.ஐ.டா. இப்பல்லாம் யார் கொரல வேணும்னாலும் யார் கொரலாவும் மாத்திடறாங்களாம். எங்க வாட்ஸாப் குரூப்ல வந்துச்சி.”

நான் போனைக் கையில் எடுத்தேன்.

நிவேதா ஏற்கனவே போனில் ஒரு லிங்க் அனுப்பியிருந்தாள், பாட்டுகளை அதிலும் கேட்கலாமாம். அதை அமுக்கப் போன என் கையை அப்பாண்டை பிடித்துக்கொண்டான். “எதையும் அமுக்காத! அமுக்கினா ஒத்துக்கினதா ஆயிடும்.”

வாழ்நாளில் சட்டப் புத்தகத்தைத் தொடாத ஒருவனின் சட்ட ஆலோசனையை நான் ஒரு வாரம் கடைப்பிடித்தேன்.

போர்ப் பிரகடனம்

இரவெல்லாம் புரண்டுவிட்டு விடிந்ததும் நிவேதாவுக்குச் செய்தி எழுதினேன். “இரண்டாம் தட்டில் பாடுவது யார்?”

பதில் வந்தது. “ஸ்டெல்லா மேம்தான் சார்.” கூடவே ஒரு சிரிக்கிற மஞ்சள் பொம்மை.

பொம்மையைப் பார்த்ததும் தீர்மானித்துவிட்டேன். எத்தனை பேருடைய பார்டர் கோணலைக் கண்டுபிடித்தவன் நான். என்னிடமே மஞ்சள் பொம்மையா? “அச்சு ஓடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை அப்பாண்டை வீட்டுக்கு நேரில் வரவும்” என்று எழுதினேன். அவள் போன் செய்தாள். எடுக்கவில்லை. எடுத்தால் அந்தப் பெண் நாலு இனிமையான வார்த்தை பேசி என்னை மடக்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நான் மடங்குகிற ஜாதி.

அந்த வாரம் ஆயத்தங்கள் செய்தேன். கண்ணாடி முன் நின்று கோபமாகப் பேசிப் பழகினேன். “தொகுப்பே வேண்டாம்” என்று சொல்வதற்கும் மனசைத் தயார் செய்தேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஊரில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டேன், தட்டு வரப்போகிறது என்று. டீக்கடைக்காரர் “இன்னாபா, உங்க தட்டு?” என்று தினமும் கேட்டார். பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

இருந்தாலும் முடிவு முடிவுதான். ஸ்டெல்லாவிடம் பொறுப்பு என்று சொன்னவன் நான். அவள் குரல் இல்லாமல் அந்தத் தட்டு வெளியே வராது.

பாக்கி இருந்தது ஒன்று. இதை அவளிடம் சொல்ல வேண்டும், நிவேதா வருவதற்கு முன்பே, என் வாயால்.

ஞாயிறு

ஸ்டெல்லாவை அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தே அழைத்துப் போனேன். வழியெல்லாம் விஷயத்தைச் சொன்னேன். காற்றில் அவளுக்குக் கேட்காது என்று ஒரு நப்பாசை. திருப்புட்குழி தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினாள்.

“ஆம்பளையா?”

“ஆம்பளதான்.”

“நல்லாப் பாடறானா?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “பாடறான்” என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

அவள் வண்டியை எடுத்தாள். அந்த மிச்சத் தூரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான சவாரி.

அப்பாண்டை வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாலை வெயில் சாய ஆரம்பித்திருந்தது. உள்ளே அவன் மனைவி இலை போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

“நீ போய் சாப்புடுபா. பொழுது போவுது” என்றாள் ஸ்டெல்லா.

“இருக்கட்டும்” என்றான் அப்பாண்டை. அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

முள்ளை வைத்தேன். தும்... தும்... பீரோ நகர்ந்தது. தடியன் பாடத் தொடங்கினான்.

‘குடைய மூடு, குடைய மூடு, நைலான் மழை பெய்யுது...’

ஸ்டெல்லா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு பார்க்க முடியாமல் தட்டு சுற்றுவதைப் பார்த்தேன். சிரிக்கிற இடம் வந்தது. ஹூ, ஹூ.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

“ஏகா. இது நான்டா.”

“ஸ்டெல்லா, மனசத் தேத்திக்க...”

“வாய மூடு. இவன் ஒயர்ல தடுக்கி வுழுந்ததுக்கு நான் சிரிச்சது இது. எவனோ ஒருத்தன் எதப் பாத்துடா இங்க சிரிப்பான்? இது நான்தான்.” கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள். “தட்டுக்குள்ளயே வயசாயிட்சி போலகுது.”

பாட்டு மறுபடி முதல் வரிக்கு வந்தபோது அவள் வாய் அசைந்தது. மாதா கோயிலில் அசைவதுபோலத்தான். ஆனால் இந்த முறை சத்தமும் வந்தது. அந்தக் கரகரப்பான, பிரேக்க புடி என்று கத்திக் கத்திக் கீழே இறங்கிப்போன குரல், தட்டில் இருந்த குரலின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இவள் ஏற வேண்டியதில்லை. அது இவளுக்காக இறங்கி வந்திருந்தது. மூச்சு வாங்குகிற இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு வாங்கினார்கள்.

உள்ளேயிருந்து அப்பாண்டையின் மனைவி கரண்டியோடு வந்து கதவோரம் நின்றார்.

இவ்வளவு நேரமாக வாசலில் நிவேதா நின்றுகொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நான் கண்ணாடி முன் பழகிய கோபத்தைத் தேடி எடுத்து எழுந்தேன்.

அவள் என்னைத் தாண்டிப் போய், நைனா வைத்த குமிழைப் பார்த்தாள். பிறகு தட்டின் நடுவில் இருந்த பென்சில் நம்பரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சார், இதை ஏன் சார் முப்பத்துமூணுல ஓட்டுறீங்க? அந்த நம்பர் தட்டு சுத்துற வேகம் சார்!”

குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பி, முள்ளைத் தொடக்கத்தில் வைத்தாள். கூடம் குதிக்க ஆரம்பித்தது. இருபத்திரண்டு வயது ஸ்டெல்லா, ஒரு கீறல் இல்லாமல், எங்கள் மேல் மழையாகக் கொட்டினாள். அப்பாண்டைக்குக் கால் தாளம் போட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை; பூப்போட்ட துணி கையில் இருந்ததால் அதால் மூடிக்கொண்டேன்.

“ஏண்டா, அந்த நம்பரப் பாத்து இன்னான்னு நெனச்ச?” என்றாள் ஸ்டெல்லா.

“தறி நம்பர்னு” என்றேன் துணிக்குள்ளிருந்து.

அவள் சிரித்தாள். ஹூ, ஹூ. அதே சிரிப்பு. பிறகு நிவேதாவிடம் திரும்பினாள்.

“நல்லாருக்குதுமா. அச்சு போடு. ஆனா அந்த மெதுவானத இன்னொரு வாட்டி வை. நான் பாடறேன். போன்ல பிடிச்சிக்க.”

நடந்தது இவ்வளவுதான். ஸ்டெல்லாவின் குரலை யாரும் தொடவில்லை. நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்ற வேண்டிய தட்டை நான் முப்பத்துமூன்றில் சுற்ற விட்டேன்; வேகம் குறைந்ததில் குரல் ஆண் குரலாக இறங்கிவிட்டது. அன்று அப்பாண்டை சாப்பிடாமலே படுத்தான். தொகுப்பு வந்துவிட்டது. இரண்டாம் தட்டின் கடைசியில் சேர்த்த அந்த மெதுவான பாட்டில் இரண்டு பேர் பாடுகிறார்கள். இரண்டு பேரும் ஸ்டெல்லா.